பழைய பிக்கப்புக்குப் பின் ஆக்சில் தேடும் தம்பிகளுக்கு

டாடா 207, பழைய மஹிந்திரா பிக்கப் போன்ற வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் காய்கறியும் செங்கல்லும் ஏற்றி ஓடுகின்றன. பின் ஆக்சில் போய் வண்டி நின்றால் ஒரு வீட்டின் வருமானமும் நின்றுவிடும். வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். கிடைத்ததைப் போட்டு அனுப்பிவிட உங்களுக்கும் கை பரபரக்கும். அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும். ஆக்சிலில் ஒரு பாகம் போனால், அதைக் கெடுத்த இன்னொன்று பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகு கடைக்குப் போங்கள்.

1. கழற்றுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் கிரவுன், பினியன் பக்கம் பாருங்கள். நேர்ரோட்டில் அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் இரைந்தால் வீல் பேரிங்கையும் ஸ்டார் பினியனையும் பாருங்கள். கிளம்பும்போது ‘டக்’ என்று அடித்தால் முதலில் ஜாயின்ட் கிராஸை ஆட்டிப் பாருங்கள். சின்னச் செலவில் முடிய வேண்டிய வேலைக்கு ஆக்சிலையே இறக்கியவர்கள் உண்டு.

2. வண்டியின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் வருடத்துக்கு வருடம் ரேஷியோவும் ஷாஃப்ட்டும் மாறியிருக்கும். முன்பே யாராவது வேறு ஆக்சில் மாற்றியும் இருக்கலாம். சேஸிஸ் நம்பர், ஹவுசிங்கில் வார்த்திருக்கும் எண், கழற்றிய பழைய பாகம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

3. ரேஷியோவை நீங்களே எண்ணுங்கள். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.1. பிரிக்காமலும் அறியலாம். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். சாதாரண டிஃபரென்ஷியலாக இருந்தால் அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. இது தவறினால் வண்டியின் இழுவையும் வேகமும் மாறும். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வாங்கும் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

4. ஷாஃப்ட் வாங்கும்போது நீளத்தோடு ஸ்ப்ளைன் பற்களையும் எண்ணுங்கள். பல வண்டிகளில் இடது, வலது ஷாஃப்ட் ஒரே நீளம் இருக்காது.

5. உடைந்த ஷாஃப்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ஓரத்தில் வழவழவென்று, அலையலையாகக் கோடு தெரிந்தால் கீறல் நெடுநாள் வளர்ந்து உடைந்திருக்கிறது. ஸ்ப்ளைன் முறுக்கியிருந்தால் தாங்காத இழுவை அதன்மேல் விழுந்திருக்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப உடைந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எத்தனை புது ஷாஃப்ட் போட்டாலும் தங்காது.

6. கிரவுனையும் பினியனையும் ஒருபோதும் பிரித்து வாங்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்து இணங்கவைத்த ஜோடி. இரண்டிலும் ஒரே செட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று போட்டால் ஊளைச் சத்தத்தையும் சேர்த்தே வாங்கியிருக்கிறீர்கள்.

7. பேரிங்கின் நம்பர் அதன் மேலேயே பொறித்திருக்கும். கப்பையும் கோனையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்ல பெயருள்ள பேரிங்குகளுக்குப் போலிகள் வருவதால், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். ஆயில் சீலில் மூன்று அளவுகள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் ஒழுகும். ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ஆயில், சீலைத் தாண்டி பிரேக் ஷூவை நனைக்கும். பிறகு லோடோடு வரும் வண்டி நிற்காது.

8. பழைய பாகம்தான் என்றாகிவிட்டால் நேரில் போய்த் தேர்ந்தெடுங்கள். சென்னையில் அதற்குப் புதுப்பேட்டை, புதியவற்றுக்கு ஜி.பி. ரோடு. மற்ற ஊர்களில் நம்பிக்கையான காயலான் கடை. கிரவுனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். குழி விழுந்ததும் முனை பெயர்ந்ததும் வேண்டாம். வெல்டிங் வைத்த ஹவுசிங்கைத் தொடாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் பட்டறைக்குள் வரக் கூடாது.

9. நல்ல பாகம் வாங்கினால் மட்டும் போதாது. பற்களில் நீலம் தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். பேக்லாஷை டயல் கேஜில் வைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பினியனில் நசுங்கும் ஸ்லீவ் இருந்தால் அதை மறுபடி போடாதீர்கள். மேனுவலில் உள்ள கிரேடு கியர் ஆயிலையே ஊற்றுங்கள்.

10. முடித்ததும் ரேஷியோ, ஸ்ப்ளைன் எண்ணிக்கை, பேரிங் நம்பர், சீல் அளவு எல்லாவற்றையும் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் வண்டி நின்றால், அங்கிருக்கும் மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்தே சரியான பாகத்தை வரவழைத்துவிடுவார்.