இலட்சமும் கோடியும்

கொட்டிவாக்கத்து அன்பர்கள் பலர் பிரதோஷ நாள்களில் அடுத்துள்ள திருவான்மியூர் சென்று மருந்தீசரை வழிபடுவர். அயல்நாடுகளில் பயிலும் பேரர்கள் விடுமுறையில் உடன் வருங்கால், 'இலட்சார்ச்சனை' என்னும் சொல்லைக் கேட்டு, அது எத்தனை மில்லியன் என வினவுகின்றனர். மில்லியன் பெரிதோ கோடி பெரிதோ எனப் பெரியோரும் மயங்குவதுண்டு.

ஆயிரம் வரை இரு முறைகளும் ஒன்றே. அதற்குமேல் நம்மவர் ஆயிரத்தை நூறால் பெருக்கி இலட்சம் என்றும், அதனை மீண்டும் நூறால் பெருக்கிக் கோடி என்றும் கொண்டனர். மேனாட்டார் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்றனர். ஆகவே பத்து இலட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். இலட்சம் கோடி ஒரு டிரில்லியன் ஆகும். பழைய ஆங்கில நூல்களைப் படிப்போர் ஒன்று கருதுதல் வேண்டும். பிரிட்டனில் முற்காலத்தே பில்லியன் என்பது இலட்சம் கோடியையே குறித்தது. அந்நாட்டரசு 1974-இல்தான் நூறு கோடி என்னும் பொருளை ஏற்றது.

கோடியை நாம் 1,00,00,000 என எழுத, அவர்கள் 10,000,000 என எழுதுவர். காற்புள்ளி இடம் மாறினும் சுழியங்கள் ஏழே. இலட்சத்திற்கு ஐந்து, மில்லியனுக்கு ஆறு, கோடிக்கு ஏழு, பில்லியனுக்கு ஒன்பது எனச் சுழியங்களை எண்ணிக்கொள்வதே தக்கது. நன்கொடை எழுதுங்கால் காற்புள்ளி பிழைத்தால் கேடில்லை. சுழியம் பிழைத்தால் பத்து மடங்கு பிழைக்கும்!

இலட்சம் வடசொல். அதற்குரிய தமிழ் 'நூறாயிரம்' என்பதாம். அவ்வழியே மில்லியனைப் 'பத்து நூறாயிரம்' எனலாம். நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் எனப் பேரெண்களுக்குப் பெயர் வழங்கியமையைப் பரிபாடலின் இரண்டாம் பாடலில் காணலாம். பூவின் பெயரால் எண்ணைச் சுட்டியது தமிழர்தம் அழகுணர்வே.

கலியுகம் 4,32,000 ஆண்டுகள் என்பது புராணக் கணக்கு. நான்கு யுகங்களும் கூடியது 43,20,000, அஃதாவது 4.32 மில்லியன். அது ஆயிரம் முறை சுழன்றால் பிரமனுக்கு ஒரு பகல். 432 கோடி ஆண்டுகள், 4.32 பில்லியன். புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பர் இக்கால அறிவியலார்.

இனி வழிபாட்டுக் கணக்கு. ஆயிரம் நாமங்களை நூறு முறை ஓதி அர்ச்சித்தால் இலட்சார்ச்சனை. பத்து அர்ச்சகர்கள் தலைக்குப் பத்து முறை ஓதினால் அது நிறைவுறும். கோடியர்ச்சனைக்கோ பதினாயிரம் முறை ஓதுதல் வேண்டும். இருபத்தைந்து அர்ச்சகர்கள் நாடோறும் தலைக்குப் பத்து முறை ஓதினும் 40 நாள்கள் ஆகும்.

தனியொருவர் 108 மணி மாலை கொண்டு ஐந்தெழுத்தை நாளொன்றுக்குப் பத்துச் சுற்று செபித்தால் 1,080 உரு ஏறும். இலட்சம் 93 நாள்களில் முடியும். மில்லியனுக்கு 926 நாள்கள், ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. கோடிக்கோ 9,260 நாள்கள், இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல்! அறுபது வயதில் தொடங்குவோர் எண்பத்தைந்தைக் கடந்தே கோடியைக் காண்பர். அதனாலன்றோ கோடி செபத்தைப் பலர் கூடிப் பகிர்ந்துகொள்கின்றனர். அதே அளவில் நூறு பேர் செபித்தால் 93 நாள்களில் கோடி நிறைவெய்தும்.