தகரக் கூரையும் புயற்காற்றும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஓலையை நீக்கித் தகடு வேய்ந்துகொள்ளும் அங்கத்தினர் பலர். தீப்பயம் குறையும், புயற்பயம் நீங்கிவிடாது. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30இல் ‘பெஞ்சல்’ கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில் கூரை பறந்தால், தறியிலுள்ள பாவும் மூலையிலுள்ள மணிலா மூட்டையும் ஒருங்கே பாழாகும்.

புயற்காற்று தகட்டை மேலிருந்து உறிஞ்சித் தூக்குகிறது. திறந்த கதவு வழியே புகும் காற்று உள்ளிருந்தும் தள்ளுகிறது. ஓரங்களிலும் முகட்டிலும் இவ்விழுப்பு மிகுதி. ஆகவே மேலே கல் வைப்பது காவலாகாது; பெருங்காற்றில் அக்கல்லே உருண்டு விழுந்து ஆளைக் காயப்படுத்தும்.

நாம் கவனிக்க வேண்டுவன:

1. வாஷருடன் கூடிய கொக்கி ஆணிகளால் தகட்டைச் சட்டத்தோடு இறுக்குக. துளை, தகட்டு நெளிவின் மேட்டில் இருத்தல் வேண்டும். பள்ளத்தில் இட்டால் நீர் ஒழுகும். ஓரங்களில் ஆணிகளை நெருக்கி அடிக்க.

2. சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையாற் பிணைக்க. மண்சுவராயின், ஆழ ஊன்றிய கம்பத்தோடு பிணைக்க.

3. இறவாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டற்க.

4. புதிதாய்க் கட்டுவோர் நாற்புறமும் சாய்ந்த கூரை அமைப்பின் காற்றின் இழுப்புக் குறையும்.

தகட்டுக்குக் கடன் வாங்கிவிட்டு ஆணியிற் சிக்கனம் பார்ப்போமாயின், கூரை போனபின்னும் கடன் நிற்கும். சங்கத்தின் வழியே ஆணியும் பட்டையும் மொத்தமாக வாங்கி, ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு கூரையையும் சோதித்து இறுக்குவோமாக.