பூட்டி வைத்தவனே கூட்டிப்போகிறான்

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரி நாடகக் குழு பென் ஜான்சனின் ‘வோல்போனி’யைத் தமிழில் மேடையேற்றப் போகிறது. எனக்குச் சீலியா வேடம். என் கணவன் கோர்வினோவாக வருபவர் நன்றாகத்தான் நடிக்கிறார். ஆனால், ஜன்னலோரம் நின்றதற்கே என்னைக் கொன்றுவிடுவேன் என்கிறவர், சற்று நேரத்தில் என்னைச் சிங்காரித்து இன்னொருவன் படுக்கைக்குத் தானே கூட்டிப்போகிறார். பார்க்கிறவர்களுக்கு இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரிகிறது. இது ஆசிரியர் விட்ட ஓட்டையா? அவர் என்னை மிரட்டும்போது ஒத்திகை பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு அது சங்கடமாக இருக்கிறது. கடைசியில் சீலியாவுக்கும் பொனாரியோவுக்கும் கல்யாணம் செய்து முடிக்கலாம் என்கிறார் இயக்குநர். செய்யலாமா?

— ஒரு மாணவி, திருச்சி

பதில்: நாடகம் படிக்காதவர்களுக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் நகரத்துப் பணக்காரன் வோல்போனிக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. சாகக் கிடப்பதுபோல் நடிக்கிறான். உயிலில் தன் பெயர் வரவேண்டும் என்று ஒரு வக்கீல், ஒரு கிழவர், வியாபாரி கோர்வினோ மூவரும் தங்கமும் வைரமுமாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ‘வாரிசு நீங்கள் ஒருவர்தான்’ என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிக் கறப்பது வேலைக்காரன் மோஸ்காவின் வேலை. வோல்போனி நரி, மோஸ்கா ஈ, மற்ற மூவரும் பிணத்துக்குக் காத்திருக்கும் பறவைகள். உயிலுக்காகக் கிழவர்களைச் சுற்றி வருவது பழைய ரோமாபுரியிலேயே பேர்போன தொழில். ஹோரஸ் அதைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார். ஜான்சன் அதை வெனிஸுக்குக் கொண்டுவந்தார். 1606இல் லண்டன் குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் குழுவே நடித்தது. ஐந்தே வாரத்தில் எழுதியதாக முன்னுரைப் பாட்டில் பெருமையும் அடித்துக்கொள்கிறார். அவசரத்தில் எழுதியதால் ஓட்டை விழுந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோர்வினோ விஷயத்தில் ஓட்டை இல்லை.

முதல் அங்கத்தில் அவன் வரும் காட்சியை மறுபடி படியுங்கள். முத்தோடும் வைரத்தோடும் வருகிறான். நோயாளிக்குக் காது கேட்காது, கையில் வைத்தால்தான் உணர்வார் என்கிறான் மோஸ்கா. வைத்ததும் செத்துக்கொண்டிருப்பவனின் விரல்கள் வைரத்தை இறுக்கிப் பிடிக்கின்றன! வெனிஸ் வியாபாரிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ‘நான்தான் வாரிசா?’ என்று கேட்கிறான். உயிலைக் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன் என்கிறான் மோஸ்கா. அதையும் நம்புகிறான். காது கேட்காது என்று நிரூபிக்க மோஸ்கா எஜமானனின் காதிலேயே வசவுகளைக் கொட்ட, இவனும் சேர்ந்துகொள்கிறான். தலையணையால் அமுக்கிக் கதையை முடித்துவிடட்டுமா என்று மோஸ்கா கேட்கும்போது வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லவில்லை. ‘உன் இஷ்டம், நான் கிளம்புகிறேன்’ என்கிற தோரணையில் நழுவுகிறான். கொலை நடக்கலாம், தான் அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மிரட்டி உருட்டுகிறவனின் வீரம் எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கிளம்பும்போது உருகிப்போய், நீ என் நண்பன், என் கூட்டாளி, எனக்கு வருவதிலெல்லாம் உனக்குப் பங்குண்டு என்கிறான். ஒன்றைத் தவிர, என்கிறான் மோஸ்கா, உங்கள் மனைவி. அவ்வளவுதான், கோர்வினோ ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறிவிடுகிறான். ஆளைக் கிளப்ப இதைவிட்டால் வேறு வழியில்லை என்று மோஸ்கா அப்புறம் சிரிக்கிறான். உங்கள் குழுவில் இந்தப் பேச்சில்லாத வெளியேற்றத்தைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் வேகத்தில் அடிபட்டுப்போகும். இங்கே ஒரு நொடி நின்றால்தான் பின்னால் வருவதற்குப் பொருள் கிடைக்கும்.

இனி உங்கள் ஜன்னல் காட்சி. ஊர் ஊராக மருந்து விற்கும் வித்தைக்காரனாக வேஷம் போட்டு வோல்போனி தெருவில் எண்ணெய் விற்கிறான். நீங்கள் கைக்குட்டையைப் போடுகிறீர்கள். கோர்வினோ அவனை அடித்து விரட்டிவிட்டு உள்ளே வருகிறான். ஜன்னலை அடைப்பேன், தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவேன், தாண்டினால் தொலைந்தாய், உன் இடுப்புக்குப் பூட்டு, இனி முன்பக்கமே உனக்குக் கிடையாது என்று அடுக்குகிறான். அவனுக்கு எரிவது எது என்று பாருங்கள். விடிவதற்குள் ஊர் தன்னை நாடகக் கோமாளியான ஏமாந்த கிழவன் பந்தலோனே என்று அழைக்குமே என்றுதான் வித்தைக்காரனிடமே கத்துகிறான். அவன் கவலை தெருவைப் பற்றியது. உங்களுக்குத் தன்மேல் ஆசை உண்டா இல்லையா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

உடனே மோஸ்கா வருகிறான். வித்தைக்காரன் எண்ணெயால் வோல்போனி கொஞ்சம் தேறிவிட்டார், வைத்தியர்கள் கூடி ஒரு இளம்பெண் பக்கத்தில் படுத்தால்தான் பிழைப்பார் என்கிறார்கள், யாரையாவது சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்கிறான். தாசி ஒருத்தியைப் பிடிக்கலாமே என்கிறான் கோர்வினோ. அவள் நம்மையே ஏமாற்றிவிடுவாள், உங்கள் சொந்தத்தில் யாரும் இல்லையா, யோசியுங்கள் என்று மோஸ்கா விடாமல் நச்சரிக்கிறான். பிறகு போகிறபோக்கில் சொல்வதுபோல், வைத்தியர் லூப்போ தன் மகளையே தருவதாகச் சொன்னார், கன்னிப்பெண் என்கிறான்.

நாடகத்தின் மையமே இந்த இடம்தான். கோர்வினோ தனக்குள் கணக்குப் போட ஆரம்பிக்கிறான். அந்த மந்தமான வைத்தியனுக்கு இருக்கும் மன அடக்கம் எனக்கு இருக்கக் கூடாதா? மானம் என்று பார்த்தால் மகளானால் என்ன, மனைவியானால் என்ன? முடிவெடுத்தாயிற்று. அதே மூச்சில் அந்த வைத்தியனையே பேராசை பிடித்த அற்பன் என்று திட்டவும் செய்கிறான். எதிர்க்கடைக்காரன் விலை சொல்லிவிட்டான் என்றதும் தன் விலையை உயர்த்துகிற ஏலக்காரன் அவன். சீலியாவைப் பூட்டியபோதும் அவள் சரக்குதான், எடுத்துப்போகும்போதும் சரக்குதான். ஆள் மாறவில்லை, சந்தை நிலவரம்தான் மாறியது. கோபக்காரக் கணவனையும் பேராசைக்காரனையும் தனித்தனியாகச் செய்யாமல், முழுக்க ஒரு வியாபாரியாகச் செய்யச் சொல்லுங்கள் உங்கள் நண்பரை. இரண்டு ஆட்களாகத் தெரிவது நின்றுவிடும்.

உள்ளே வந்து உங்களைச் சமாதானப்படுத்தும்போது, பொறாமை லாபமில்லாத குணம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறான். அது கொஞ்சலுக்காகச் சொன்னதில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறான். மூன்றாம் அங்கத்தில், தொட்டால் என் பொன் தேய்ந்துவிடுமா, பார்த்தால் துணி கெட்டுவிடுமா என்று உங்களிடம் வாதாடுவதும் அதே குரலில்தான். என்னைப் பூட்டியே வைத்துவிடுங்கள் என்று நீங்கள் கெஞ்சுகிறீர்கள், அவன் போட்ட பூட்டையே நீங்கள் அடைக்கலமாகக் கேட்கிறீர்கள். இதைவிடக் கசப்பான வேடிக்கை அந்த நாடகத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இத்தனை பெரிய வியாபாரி எப்படி ஏமாந்தான் என்று பார்வையாளர் கேட்பார்கள். தான்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்ததால் ஏமாந்தான். வக்கீலையும் கிழவரையும் முட்டாளாக்கும் சதியில் தனக்குப் பங்கு இருக்கிறது என்று மோஸ்கா அவனை நம்பவைத்துவிட்டான். தனக்கு எதிராக இன்னொரு சதி நடக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வராது.

சிரிப்பு விஷயத்தில் உங்கள் சங்கடம் நியாயமானது, ஆனால் சிரிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜன்னல் காட்சி மிரட்டல்களை ஜான்சன் வேண்டுமென்றேதான் ஊதிப் பெருக்குகிறார். உன்னை அறுத்து ஊருக்கு உடற்கூறு பாடம் எடுப்பேன் என்கிற அளவுக்குப் போகிறான். அதற்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வைத்தியனைத் திட்டும் இடத்தில் இன்னும் உரக்கச் சிரிக்க வேண்டும். மூன்றாம் அங்கத்தில், முடியைப் பிடித்துத் தெருவில் இழுப்பேன், மூக்கை அறுப்பேன் என்று அவன் சொல்லும்போது அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும். அது உங்கள் இருவர் கையில் இருக்கிறது. ஜன்னல் காட்சியில் அவர் கத்தட்டும். இங்கே குரலைத் தணித்து, பேரம் படியாத எரிச்சலோடு மட்டும் பேசச் சொல்லுங்கள். நீங்களும் முன்கூட்டியே நடுங்கி ஒதுங்காதீர்கள். அவர் கை உங்கள் முடிக்கு நீளும்வரை நிமிர்ந்தே நில்லுங்கள். அரங்கு தானாக அடங்கும்.

கல்யாணம் வேண்டாம். வோல்போனியிடமிருந்து உங்களைக் காப்பாற்றிய பொனாரியோவை உங்கள் கள்ளக்காதலன் என்று நீதிமன்றத்தில் சாதித்தவன் கோர்வினோ. தன் தலையில் கொம்பு முளைத்துவிட்டது என்று, அதாவது பெண்டாட்டி சோரம் போனாள் என்று, தன் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டு, இதில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லையே என்று மோஸ்காவிடம் காதோடு கேட்டுக்கொள்கிறான். கடைசியில் அந்தப் பொய்யை மேடையே மெய்யாக்கிவிட்டால், அவன் சொன்னது சரிதான் என்று பின்வரிசையில் ஒருவராவது சொல்வார். ஜான்சன் கொடுத்த தண்டனையே போதும். கொம்புக்குப் பதில் கழுதைக்காது வைத்த குல்லாயோடு அவனைப் பெரிய கால்வாய் வழியே படகில் ஊர்சுற்றி, அவமான மேடையில் நிறுத்துகிறார்கள். சீதனத்தை மூன்று மடங்காக்கி உங்களைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது தீர்ப்பு. அழுகிய மீனும் முட்டையும் கண்ணில் விழட்டும், என் அவமானத்தைப் பார்க்காமல் தப்பித்தேன் என்று அவனே ஆறுதல் தேடிக்கொள்கிறான்.

இன்பியல் நாடகத்துக்கு இவ்வளவு கடுமையான முடிவு ஆகாது என்று அப்போதே சொல்வார்கள் என்று தெரிந்து, 1607இல் அச்சிட்டபோது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிய சமர்ப்பணக் கடிதத்தில் ஜான்சன் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் அப்படி முடித்தேன் என்று. உங்கள் இயக்குநரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால், சீதனத் தொகையைத் தீர்ப்பில் உரக்க வாசிக்கவைக்கும்படி மட்டும் கேளுங்கள். நாடகம் முழுக்க யார் யாருக்கோ பணம் போகிறது, உங்களுக்கு வருவது அந்த ஒரு இடத்தில்தான்.