ஹக்கீம் நஞ்சுண்டரும் தொழிற்கூடமும்

மைசூருக்குத் தெற்கே, கபிலா நதிக்கரையில் உள்ள நஞ்சன்கூட்டில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீகண்டேசுவரருக்கு ‘ஹக்கீம் நஞ்சுண்டர்’ என்றும் ஒரு திருநாமம் உண்டு. ஹக்கீம் என்றால் வைத்தியர். திப்பு சுல்தானின் யானை கண்நோயால் அவதியுற்றபோது இப்பெருமானை வேண்டிக்கொள்ள, அது குணமடைந்தது என்றும், சுல்தான் நன்றியுடன் மரகத லிங்கம் ஒன்றைக் காணிக்கையாக்கினார் என்றும் தல மரபு கூறுகிறது. சுல்தான் தம் சமயத்தை விடவில்லை. ஆலயமும் அவ்வாறு கேட்கவில்லை. அவர் வழங்கிய சொல்லையே இறைவனின் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

இன்று அவ்வூரில் தொழிற்பேட்டையும் உள்ளது. தொழிற்கூடம் என்றாலே பல சமயத்தவரும் அருகருகே நின்று உழைக்கும் இடம்தான். பன்முகத்தன்மையைப் பேணுவதாகக் கூறும் நிறுவனங்கள் பலவும் மொழியையும் பாலினத்தையும் கருதுகின்றன. சமயத்தை மட்டும் ‘அது வீட்டு விஷயம்’ என்று வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. சிரத்தையைச் செருப்பைப்போல் வெளியே கழற்றி வைத்துவிட்டு ஒருவர் உள்ளே வர இயலுமா?

செருப்பு என்றதும் ஓர் உதாரணம் தோன்றுகிறது. ஐயப்பனுக்கு மாலையணிந்த தொழிலாளி வெறுங்காலுடன் வருகிறார். பாதுகாப்புக் காலணியின்றி இயந்திரங்களுக்கிடையே அவரை அனுமதிப்பது ஆபத்து. ‘விரதத்தை விடு’ என்பதோ அவமதிப்பு. நாற்பத்தொரு நாட்களுக்கு அபாயமற்ற வேறு பணியில் அவரை அமர்த்தலாம். மேற்பார்வையாளருக்கு இது சிரமமே; ஆயினும் செய்யத்தக்கது. ரமலானில் நீரும் அருந்தாமல் கொதிகலன் அருகே நிற்பவருக்கு வேலைமுறையை மாற்றித் தருவதும் இத்தகையதே. கர்நாடகத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் பண்டிகை விடுமுறைகளுக்கு வழி செய்கிறது. ஆனால் விரதம் ஒருநாள் பண்டிகையன்று. அதற்கு விடுமுறை போதாது, உடன் உழைப்பவர்களின் மனம் வேண்டும்.

‘செய்யும் தொழிலே வழிபாடு, தனி விரதம் எதற்கு?’ என்று கேட்கப்படலாம். கடமையாலேயே இறைவனை அர்ச்சிக்கலாம் என்பது கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் காட்டும் வழி; பசவண்ணரின் காயகமும் அதுவே. ஆனால் அது சாதகன் தானே ஏற்கும் பாவனை. பிறருடைய பிரார்த்தனை நேரத்தைக் குறைப்பதற்கு முதலாளி அதைக் கருவியாக்கினால், அது கர்மயோகம் ஆகாது.

சுவாமி விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில், சகிப்பதோடு நில்லாமல் ஏற்பதையும் வலியுறுத்தினார். ஆயுத பூஜையன்று இந்த வேறுபாடு விளங்கும். குங்குமம் இட்டுக்கொள்ள விரும்பாதவரைத் திட்டாமல் விடுவது சகிப்பு. அவர் ஏன் விரும்பவில்லை என்பதை அறிந்து, கடவுள் நம்பிக்கையே இல்லாதவராயினும், பொரியையும் கடலையையும் முகம் மலர்ந்து அவரிடம் நீட்டி, அவர் கை நீட்டாவிட்டாலும் மனம் சுருங்காதிருப்பது ஏற்பு.