விரல் பட்டாலே எரியலாமா? – பிளாஷ் பல்பும் நிலைமின்சாரமும்

டெரிலின் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்டிருப்பீர்கள். ஏ.சி. அறையில் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுளீரென்று இழுத்திருக்கும். 'சின்ன ஷாக்தானே' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தச் சின்ன ஷாக், ஒரு பிளாஷ் பல்பை நம் கையிலேயே எரிய வைத்துவிடும்! அதை எப்படித் தடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பல்பில் என்ன இருக்கிறது?

ஒருமுறை மட்டும் எரியும் பிளாஷ் பல்புக்குள் சிர்கோனியம் போன்ற உலோகத்தின் மெல்லிய இழைகளும் ஆக்சிஜனும் இருக்கும். பற்றவைத்தால் கண் சிமிட்டும் நேரத்தில் எரிந்து, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தரும். கண்ணாடி கொதிக்கும். கையில் இருந்தால் விரல் வெந்துவிடும்.

1965-இல் வந்த பிளாஷ் கியூப் பல்புகளில் டங்ஸ்டன் இழை உண்டு. சில வோல்ட் பேட்டரி போதும். இழையின் மின்தடை மிகக் குறைவு. அதனால் நிலைமின் பொறியின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றிலும் நம் உடம்பிலுமே செலவாகிவிடும், பல்புக்குப் பயமில்லை.

1970-களின் நடுவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 'பிளிப் பிளாஷ்' வேறு ரகம். ஒரே தட்டையான அட்டையில் எட்டு பல்புகள். மேலே நான்கு, கீழே நான்கு. பேட்டரியே வேண்டாம். கேமரா பொத்தானை அழுத்தினால் உள்ளே பீசோ படிகம் அடிபட்டு, ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட் அளவில் ஒரு கணநேரத் துடிப்பைத் தரும். இழைக்குப் பதிலாக இரண்டு கம்பிகளுக்கு நடுவே பற்றுமருந்து. துடிப்பு அதன் வழியே பாய்ந்ததும் பல்பு எரியும்.

சிக்கல் எங்கே?

உயர் வோல்ட், குறைந்த ஆற்றல். நம் உடம்பில் ஏறும் நிலைமின்சாரமும் அப்படித்தானே! ஒரு சின்னக் கணக்கு. மனித உடம்பின் மின்தேக்குதிறன் சுமார் 100 பிக்கோ பாரட். ஏறிய மின்னழுத்தம் 10,000 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

ஆற்றல் = ½ × 100 × 10⁻¹² × (10⁴)² = 0.005 ஜூல்

அதாவது 5 மில்லி ஜூல். நமக்கு ஒரு சுளீர். பற்றுமருந்துக்கு அதுவே உத்தரவு.

"பல்புக்குக் குறுக்கே ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போட்டால் போச்சு, அது விழுங்கிவிடுமே!" என்று நீங்கள் கேட்கலாம். விழுங்கும்தான். ஆனால் பீசோ தருகிற துடிப்பையும் சேர்த்து விழுங்கிவிடும். அப்புறம் போட்டோ எடுக்கும்போதும் பல்பு எரியாது. பூட்டு போட்டோம், சாவியைக் காணோம் என்ற கதைதான்.

காக்கா சொல்லும் பாடம்

மின்கம்பியில் காக்கா சுகமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் இடையே மின்சாரம் பாய்வதில்லை. பல்பின் இரண்டு கம்பிகளும் அந்தக் காக்காவின் கால்கள்தான். பீசோ துடிப்பு இரண்டு முனைகளுக்கும் *இடையே* வருகிறது. நிலைமின்சாரமோ வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வருவதை இரண்டு கம்பிகளும் சேர்ந்தே ஏறும்படி செய்துவிட்டால் பல்பு தப்பும். அதற்கான வழிகள்:

1. பல்புகளுக்குப் பின்னால் உலோகத் தகடோ உலோகம் பூசிய ரிப்ளெக்டரோ வைத்து, அதைப் பொதுக் கம்பியோடு இணைப்பது. விரலிலிருந்து தாவும் பொறி முதலில் இந்தக் கவசத்தைத்தான் பிடிக்கும். மற்றக் கம்பியும் கவசத்துக்கு மிக அருகில் இருப்பதால், அதன் அழுத்தமும் கூடவே ஏறும்.

2. செருகும் முனையில் பொதுத் தொடுமுனையை, மற்றதைச் சுற்றி அகலமாக அமைப்பது. விரல் எங்கே பட்டாலும் முதலில் அதில்தான் படும்.

3. பல்புகளை வரிசையாக எரியவைக்கும் ஸ்விட்சுகள். முன் பல்பின் வெளிச்சமும் வெப்பமும் பட்ட பிறகே இவை மின்சாரத்தைக் கடத்தும். அதுவரை அடுத்த பல்புகள் தனித்தே நிற்கும். எனவே வரிசையின் முதல் பல்புக்குத்தான் அதிக ஆபத்து. முதல் இரண்டு வழிகளும் முக்கியமாக அதைக் காக்கவே.

கவனித்தீர்களா? இவற்றில் எதுவும் பீசோ துடிப்பின் குறுக்கே நிற்கவில்லை.

இன்று நமக்கு என்ன பயன்?

எலெக்ட்ரானிக் பிளாஷ் வந்தபின் இந்தப் பல்புகள் வழக்கொழிந்துவிட்டன. பாடம் ஒழியவில்லை. பாறை உடைக்கும் மின் டெட்டனேட்டரின் இரண்டு கம்பிகளையும் இணைக்கும் நேரம்வரை ஒன்றாகச் சேர்த்தே வைப்பது இதே தத்துவம்தான். மாஸ்பெட்டை கறுப்பு நிறக் கடத்தும் பஞ்சில் குத்தி அனுப்புவதும் இதேதான். மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கும். நிலைமின்சாரம் மெதுவாக இறங்கவும், தவறி மெயின்ஸில் கை பட்டால் நம் உயிரைக் காக்கவும் அது உதவும்.

லேபில் ஐ.சி.யைக் கையில் எடுக்கும் முன் எர்த் செய்த உலோகத்தை ஒரு தரம் தொடுங்கள். ஐ.சி. கெட்டால் மார்க்கோடு போகும். நாளை குவாரியிலோ வெடிபொருள் ஆலையிலோ நம்மில் ஒருவர் வேலைக்குப் போனால், அதே பழக்கம்தான் கூட நிற்கும் தொழிலாளியின் கையைக் காப்பாற்றும்.

– மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை