வண்டியூர்: ஆறும் குளமும் கண்மாயும்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்து, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். உங்களுக்கு இன்னும் அரை நாள் இருந்தால் ஊரின் கிழக்குப் பக்கம் வாருங்கள். இத்தனை பெரிய கோயிலையும் அதைச் சுற்றிய ஊரையும் வாழவைத்த தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே தேங்கியது என்பதை வண்டியூரில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு, தெப்பக்குளம், கண்மாய் மூன்றும் இங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன.

வழி கேட்கும்போது ஒரு கவனம் தேவை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வைகையின் தென்கரையில் இருக்கிறது. வண்டியூரோ வடகரையில். ஆட்டோவில் ஏறி ‘வண்டியூர்’ என்று மட்டும் சொன்னால் ஆற்றைத் தாண்டி இறக்கிவிடுவார்கள். குளத்துக்குப் போவதானால் ‘தெப்பக்குளம்’ என்றே சொல்லுங்கள். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. காமராசர் சாலையைப் பிடித்துக் கிழக்கே வந்தால் குளக்கரையில் வந்து நிற்கும்.

குளத்தை வெட்டியவர் திருமலை நாயக்கர். ஆண்டு 1645. தன் மகாலுக்குச் செங்கல் அறுக்க இங்கேதான் மண் எடுத்தார் என்றும், மண் எடுத்த பள்ளத்தையே பிறகு குளமாக்கினார் என்றும் சொல்வார்கள். தோண்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகராக அமர்ந்திருக்கிறார். சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிறார்களே, அவருக்குத்தான். குளம் ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி. நான்கு பக்கமும் கருங்கல் படிகள், நடுவில் மைய மண்டபம். மதிய வெயிலில் வராதீர்கள், கல் கொதிக்கும். ஐந்து மணிக்கு மேல் வந்து ஒரு சுற்று நடங்கள். அந்நேரம் மதுரையின் பாதிக் குடும்பங்கள் இந்தக் கரையில்தான் உட்கார்ந்திருக்கும். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைத்தால் விடாதீர்கள்; கருப்பட்டி வாசமும் சுக்கின் காரமுமாகத் தொண்டையில் இறங்கும்.

இந்தக் குளத்துக்கு ஊற்று எதுவும் கிடையாது. வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாகத்தான் தண்ணீர் வரவேண்டும். கால்வாய் தூர்ந்து கிடந்த நீண்ட காலத்தில் குளம் வறண்டது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தைத் தெப்பத் திருவிழாவில் அம்மனும் சுவாமியும் அசையாத தெப்பத்தில் வீற்றிருந்து, அதுவே ‘நிலைத் தெப்பம்’ என்று நடந்து முடிந்த ஆண்டுகள் பல. அந்தக் காய்ந்த குளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்று இதில் அலை தளும்புவது சின்ன விஷயமே இல்லை. ஆற்றில் தடுப்பணை கட்டிக் கால்வாயைச் சீர்செய்த பிறகுதான் இது நடந்தது. ஆகவே கரையில் நிற்கும்போது தண்ணீர் உள்ளே வரும் வழியையும் தேடிப் பாருங்கள். குளத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வருவதற்கு நல்ல காலம் தை மாதம். திருமலை நாயக்கர் பிறந்த நாளாகச் சொல்லப்படும் தைப்பூசத்தையொட்டித் தெப்பம் நடக்கும். சுற்றுச்சுவர் ஓரமாக நின்று ஆட்கள் வடம்பிடித்து இழுக்க, தெப்பம் பகலில் இரண்டு முறையும் இரவில் விளக்கொளியில் ஒரு முறையும் வலம்வரும். கூட்டத்துக்கு அஞ்சினால் பகல் சுற்றுக்கு வாருங்கள். அதற்கு முன்பே பக்கத்துச் சிந்தாமணியில் கதிரறுப்பு விழா உண்டு. மீனாட்சியம்மன் எழுந்தருளி நெற்கதிர் அறுவடை கண்டு திரும்புவார். இந்தச் சமவெளி வயல்களால் ஆன சமவெளி என்பதை ஊருக்கு நினைவூட்டும் விழா அது. வெளியூர்க்காரர்கள் இதற்கு வருவது குறைவு, நீங்கள் வாருங்கள்.

குளத்தின் வடகரையிலுள்ள மாரியம்மனை வணங்காமல் போகக்கூடாது. பெரிய கோயிலில் எந்தத் திருவிழா தொடங்கினாலும் முதலில் இவளுக்குப் பூசை செய்வது மரபு. பங்குனித் திருவிழாவில் முளைப்பாரியும் தீச்சட்டியும் இந்தச் சாலைகளை நிறைத்துவிடும்.

இனி ஆற்றைக் கடக்கலாம். பாலத்தின் நடுவில் இறங்கி மேற்கே பாருங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி வழியாக வந்து, இங்கிருந்து சிவகங்கை, ராமநாதபுரம் நோக்கிப் போகும் ஆறு இது. மொத்தம் 258 கிலோமீட்டர். பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை, வழியிலுள்ள கண்மாய்களே குடித்துவிடும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை வந்தது. அணை திறந்தால்தான் இங்கே ஓட்டம். மற்ற நாளில் நீங்கள் பார்ப்பது கருவேலமும் ஆகாயத்தாமரையும் ஊரின் சாக்கடையும்தான். பார்க்க மனம் வலிக்கும். என்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

இதே ஆற்றில்தான் சித்திரைப் பௌர்ணமியில் கள்ளழகர் இறங்குகிறார். டிவியில் பெரிதாகக் காட்டுவது அவர் இறங்கும் காலை நேரத்தைத்தான். அன்று இரவு அழகர் வந்து தங்கும் இடம் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயில். மறுநாள் இங்கிருந்து புறப்பட்டு, ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அமர்ந்து, துர்வாசர் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுப்பார். முன்காலத்தில் அழகர் மேற்கே சோழவந்தான் பக்கத்துத் தேனூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பது வழிவழிச் செய்தி. அந்த ஊரின் பெயர்தான் மண்டபத்தில் தங்கியிருக்கிறது. அழகர் ஏன் வண்டியூரில் இரவு தங்குகிறார் என்று கேளுங்கள், ‘துலுக்க நாச்சியார் வீட்டுக்கு வர்றாருல்ல’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அழகரின் முஸ்லிம் துணைவியாக மக்கள் கருதும் பெண் அவள். தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ நூலுக்காக ஆராய்ந்த மரபுகளில் இதுவும் ஒன்று. ஒரு பெருமாளைத் தங்கள் ஊர் மாப்பிள்ளையாக்கி, வீடு மாற்றி மாற்றி விருந்தாட அனுப்பிய மக்களின் கதை இது. இதைக் கேட்பதற்காகவே ஒரு முறை வண்டியூர் வரலாம். ஆற்றில் இறங்கும் நேரத்து நெரிசல் கடுமையானது. குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் மறுநாள் தேனூர் மண்டபத்துக்கு வருவது நல்லது.

ஊருக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது வண்டியூர்க் கண்மாய். மழையில் மேலுள்ள கண்மாய் நிறைந்து, கலுங்கு தாண்டி, மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும் ஏற்பாட்டில் இது ஒரு கண்ணி. மிஞ்சியது வைகைக்குப் போகும். மடைகள் வழியாக இதன் தண்ணீர் பாய்ந்த வயல்கள் இன்று வீட்டு மனைகள். வண்டியூர் ஊராட்சியும் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கண்மாய் இன்னும் இருக்கிறது, மார்கழி அதிகாலையில் நாரைகளும் முக்குளிப்பான்களும் அதற்குச் சாட்சி. ஐப்பசி முதல் தை வரை வாருங்கள், கரையில் நடக்க இடமுண்டு.

முழு நாள் இருந்தால் கிழக்கே விரகனூர் மதகணையைப் பார்த்துவிட்டு ராமேசுவரம் சாலையில் கீழடிக்குப் போங்கள். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே வைகைக் கரையில் செங்கல் கட்டி, உறைகிணறு இறக்கி வாழ்ந்தவர்களின் பொருள்கள், 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காலையிலேயே போய்விட்டால் மாலைக்குத் தெப்பக்குளம் திரும்பிவிடலாம். கிளம்பும் முன் விடுமுறை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் கையில் இருக்கட்டும், வழியில் நிழல் குறைவு.