கிணற்றுக் கல்லை நிறுத்தறிவோம்

இடம்பெயர்ந்து புதிய காணியில் குடியமரும் குடும்பம் முதலில் தேடுவது தண்ணீரையே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் துளைகளிலும் பொந்துகளிலும் நீர் தேங்குகிறது. வவுனியாப் பக்கத்தில் இருப்பதோ கடினமான கருங்கற்பாறை. அங்கே நீர், உக்கிய மேற்படையிலும் பாறை வெடிப்புகளிலுமே நிற்கும். ஆகவே, ஒரு மண்ணில் கிணறு வெட்டிய அனுபவம் மறு மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. வெட்டும்போது வரும் கல் எத்தகையது என்பதை அறிய அடர்த்தி உதவும்.

அடர்த்தி என்று நாம் இங்கு சொல்வது, ஒரு கல் தன் பருமனுக்குச் சமமான தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரமானது என்பதை. கிராம் காட்டும் விற்றராசு, நூல், ஒரு வாளி தண்ணீர் ஆகியன போதும்.

1. கைப்பிடியளவு கல்லைக் கழுவி, நன்கு காயவைத்து நிறுக்கவும்.

2. ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, ஈரத்தைத் துடைத்து மீண்டும் நிறுக்கவும்.

3. நூலில் கட்டி, வாளியில் எங்கும் முட்டாதபடி முழுவதும் அமிழ்த்தி நிறுக்கவும்.

ஊறிய நிறையிலிருந்து நீருள் காட்டிய நிறையைக் கழியுங்கள். வரும் தொகையால் காய்ந்த நிறையை வகுங்கள். நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் நிறையளவு இலேசாகும் என்ற ஆக்கிமிடீசின் விதியே இதற்கு அடிப்படை.

உதாரணமாக, ஒரு கல் காய்ந்து 440 கிராம், ஊறி 475, நீருள் 275 எனக் கொள்வோம். 475இல் 275 போக 200. 440ஐ 200ஆல் வகுக்க 2.2. இது துளையுள்ள கல். 35 கிராம் நீரைக் குடித்துள்ளது. உக்காத கருங்கல் பெரும்பாலும் 2.6 முதல் 2.8 வரை காட்டும்; ஊறினாலும் நிறை ஏறுவது அரிது.

ஆனால் இறுகிய சுண்ணாம்புக்கல்லும் ஏறக்குறைய 2.7 காட்டலாம். எனவே கல்லைச் சுரண்டி, அந்தத் தூளில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், நுரைக்காவிட்டால் கருங்கல்லாக இருக்கலாம்.

கருங்கற் பகுதியில் ஒவ்வொரு முழத்திலும் ஒரு கல்லை எடுத்து நிறுத்து எழுதி வையுங்கள். நீரில் உதிரும் கல் உக்கிய படையைச் சேர்ந்தது. எண் 2.7ஐ அண்மித்து அங்கேயே நின்றால், உக்காத பாறையை அடைந்துவிட்டோம். அதற்குக் கீழே வெடிப்பு இருந்தால்தான் நீர். வெடிப்பைத் தராசு காட்டாது. ஆதலால் கடன்பட்டு வெடிவைக்கு முன் நீர்வளம் அறிந்தவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டி ஆலோசனை பெறுவோம்.